கண்ணை நகர்த்துவதா, எழுத்தை நகர்த்துவதா?

ஸ்டார்கார்ட், பெஸ்ட் போன்ற பரம்பரை மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) நோய்களில் அடிபடுவது நடுப்பார்வை. ஓரப்பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். படிக்க நினைக்கும் சொல்லை நேராகப் பார்த்தால் அந்தச் சொல்தான் மறையும். அதனால் பலருக்கு, யாரும் சொல்லித்தராமலே, கண் சற்று விலகிப் பார்க்கப் பழகிவிடுகிறது. விழித்திரையில் கெடாத ஒரு மாற்று இடத்தை மூளை பிடித்துக்கொள்கிறது. ஸ்டார்கார்ட் உள்ளவர்களில் பலர் சொல்லுக்குச் சற்று மேலே பார்ப்பார்கள்; பார்வையின் நடுவில் தெரியாமல் போன பகுதி, அதாவது மறைப்பு, மேலே போய்விட, வரி அதற்குக் கீழே தெரியும். 'என்ன இவர், நம் நெற்றியைப் பார்த்துப் பேசுகிறார்' என்று எதிரில் இருப்பவர் நினைக்கலாம். அப்படிப் பார்த்தால்தான் இவருக்கு எதிரில் இருப்பவர் முகமே தெரிகிறது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அப்புறம் படிப்பது எப்படி?

வழக்கம்போல் கண்ணை வரிமேல் ஓட்டலாம். எந்தத் தாளிலும் செல்லும். பட்டியலில் ஒரு எண்ணைத் தேட இதுதான் கை கொடுக்கும். ஆனால் மறைப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். வலப்பக்கம் விழுந்தால் அடுத்து வரும் எழுத்துகளே மறையும். இடப்பக்கம் என்றால் அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காது. மேலோ கீழோ இருந்தால் தேவலை.

இன்னொரு வழி, கண்ணை ஒரே கோணத்தில் நிறுத்திவிட்டு எழுத்தை வலமிருந்து இடமாக நகர்த்துவது. தாளைக் கையால் இழுக்கலாம். வீடியோ உருப்பெருக்கியின் (தாளைக் கேமராவில் பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவி) நகரும் தட்டில் வைத்தோ, திரையில் ஒற்றை வரியாக ஓடவிட்டோ படிக்கலாம். வரி தவறாது. பத்தி பத்தியாகப் படிப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆரம்பத்தில் கை ஒரு வேகத்தில் போகும், கண் தானாகப் பின்னால் ஓடும். அதை அடக்கவே பயிற்சி வேண்டும். அட்டவணை படிப்பதற்கு மட்டும் இது ஆகாது. ஒவ்வொரு சொல்லாக ஒரே இடத்தில் காட்டும் செயலிகளும் உண்டு. நல்ல பார்வை உள்ளவர்களுக்கு அவை தரும் அளவு வேகம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இரண்டு வழியிலும் விடாத தொல்லை எழுத்து நெரிசல். ஓரப்பார்வையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நடுவில் உள்ள கால் கரைந்தால் 'கொடு' என்பது 'கெடு' ஆகிவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும். ரொம்பப் பெரிதாக்கினாலோ திரையில் இரண்டு சொல்தான் நிற்கும், வாக்கியம் கையை விட்டுப் போகும்.

காதால் கேட்பது மூன்றாவது. நீண்ட நூலுக்கு வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஸ்டார்கார்ட் பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தலைகாட்டுவதால் பாடப்புத்தகச் சுமைக்கு நடுவே இது பெரிய உதவி. ஆனால் குழந்தை கேட்டு மட்டுமே வளர்ந்தால் ர எது ற எது என்பதில் தடுமாறும். பாடத்தைக் கேட்கட்டும், கணக்கையும் எழுத்துப்பிழையையும் கண்ணால் பார்க்கட்டும்.