பாப்பிலோன் கதிர்வீச்சு: கத்தியின்றி ஒரு சிகிச்சை

இதய நோயால் பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாத என் 82 வயது மாமனாருக்கு, இங்கிலாந்தின் ஒரு மருத்துவமனையில், மலக்குடல் புற்றுநோய்க்காகப் பாப்பிலோன் எனப்படும் தொடுநிலைக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. ஆசனவாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, 50 கிலோவோல்ட் எக்ஸ்-கதிரைக் கட்டியின் மேலேயே பாய்ச்சுகிறார்கள்; ஆற்றல் குறைந்த கதிர் என்பதால் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே அதன் வீரியம் தணிந்துவிடுகிறது. இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு). கதிர் பாய்வது ஓரிரு நிமிடமே என்றாலும், முழங்காலூன்றிக் குனிந்திருப்பதுதான் மூட்டுவலிக்காரருக்குச் சோதனை. அதற்கு ஒரு தலையணையைக்கூட நாங்களே கேட்டு வாங்க வேண்டியிருந்தது, இது குறைதான். 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கே இம்முறை மிகவும் பொருந்தும். சில மாதங்கள் இரத்தக்கசிவு இருந்தது. ஆனால் வயிற்றில் துளையிட்டு மலத்தைச் சேகரிக்க மாட்டும் பை தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அன்று மாலையே வீடு திரும்பித் தேநீர் கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலக்குடலுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை தொடர்கிறது.