என்எஸ்1, ஐஜிஎம், பிசிஆர்: டெங்குவுக்கு எந்த டெஸ்ட், எந்த நாளில்?

போன மழைக்காலத்தில் அக்கா மகனுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே ஒரு லேபுக்குப் போய் "டெங்கு டெஸ்ட் எடுங்க" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டோம், அவர்கள் ஐஜிஎம் மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள், நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். நான்காம் நாள் டாக்டர் சீட்டைப் பார்த்ததுமே "காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் எடுத்தது?" என்றுதான் முதலில் கேட்டார். உடனே என்எஸ்1 எடுக்கச் சொன்னார். பாசிட்டிவ். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மூன்று டெஸ்டில் எது நல்லது என்று கேட்பவர்கள் யாரும் நாள் கணக்கைச் சொல்வதே இல்லை.

என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். உடம்புக்குள் வைரஸ் பெருகும்போதே அது ரத்தத்தில் கலந்துவிடும், அதனால் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கலாம், முதல் ஐந்து நாளுக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் முறை டெங்கு வந்தவர்களிடம் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிடிக்கும் இந்த டெஸ்ட், இரண்டாம் முறை வந்தவர்களிடம் 60 முதல் 80 சதவீதம்தான் பிடிக்கும். பழைய தொற்றில் உருவான எதிர்ப்பொருள்கள் அந்தப் புரதத்தைப் போய்க் கட்டிப்போட்டுவிடுவதுதான் காரணம். 'எனக்குத்தான் டெங்கு வந்ததே இல்லையே' என்று நினைக்க வேண்டாம். 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், சென்னையில் பரிசோதித்தவர்களில் 93 சதவீதம் பேரின் ரத்தத்தில் டெங்கு ஏற்கெனவே வந்துபோன தடயம் இருந்தது! நம் ஊரில் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான், ஆகவே என்எஸ்1 நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை.

ஐஜிஎம் நம் உடம்பு வைரஸை எதிர்த்துத் தயாரிக்கும் எதிர்ப்பொருள். தயாராக நாளாகும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பாதிப் பேருக்குத்தான் தெரியும், பத்தாம் நாளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும். இரண்டாம் நாளில் அதை எடுத்தது சுத்த வீண். அப்புறம், ஒருமுறை வந்தால் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும், அதனால் ஐப்பசியில் வந்து போன டெங்கு மார்கழிக் காய்ச்சலில் பாசிட்டிவ் காட்டலாம். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உறவுக்கார வைரஸ்களாலும் குழப்பம் வரும்.

என்எஸ்1, ஐஜிஎம் இரண்டையும் இரண்டு விதமாகப் பார்க்கலாம்: சின்ன அட்டையில் சட்டென்று பார்க்கும் கார்டு டெஸ்டா, லேபில் கருவி வைத்துப் பார்க்கும் எலைசாவா? அவசரத்துக்கு கார்டு சரி. ஆனால் அரசின் டெங்கு தடுப்புத் திட்டம் உறுதியான கேஸ் என்று கணக்கில் எடுப்பது எலைசாவைத்தான்: ஐந்து நாளுக்குள் என்எஸ்1, அதற்குப் பிறகு ஐஜிஎம்.

பிசிஆர் வைரஸின் மரபணுவையே தேடுவது, அதுவும் முதல் ஐந்து நாளுக்குள்தான். செலவு அதிகம், நல்ல லேப் வேண்டும். வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவருக்கு அதனால் சிகிச்சை மாறாது, ஏனென்றால் டெங்குவுக்கென்று வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் புழக்கத்தில் இல்லை. ஆனால் ஊருக்கு அது தேவை. டெங்குவில் நான்கு வகை உண்டு, எந்த வகை சுற்றுகிறது என்பதை இந்த என்எஸ்1 கார்டும் ஐஜிஎம்மும் சொல்லாது, பிசிஆர் சொல்லும். 2017-ல் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானதே, அந்த வருடம் பரவியது பெரும்பாலும் இரண்டாம் வகை, அதற்கு முந்தைய வருடங்களில் அதிகம் இருந்ததோ ஒன்றாம் வகை. ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால்தான் ஆபத்து கூடும் என்பதால், வகை மாறுவதை முன்கூட்டியே பார்த்தால் ஆஸ்பத்திரிகள் தயாராகலாம். எல்லோருக்கும் பிசிஆர் எடுக்கத் தேவையில்லை, மாவட்டத்துக்குக் கொஞ்சம் என்எஸ்1 பாசிட்டிவ் ரத்த மாதிரிகளை எடுத்து வாராவாரம் வகை பார்த்தாலே போதும் என்பது என் கருத்து.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1, தாண்டிவிட்டால் ஐஜிஎம், நடுவில் நான்கு, ஐந்தாம் நாள் என்றால் இரண்டையும் சேர்த்து எடுப்பது நல்லது. நோய் எவ்வளவு முற்றும் என்று இவற்றில் எதுவும் சொல்லாது. அதற்கு ரத்த அணு எண்ணிக்கைதான், அதிலும் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துப் பதறாமல், ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு) ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். காய்ச்சல் விடும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் மோசமான நேரம், பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது என்று ஸ்கூலுக்கு அனுப்பிவிடாதீர்கள். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு படுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.