மைசூர்பாகா, சுகர் ஃப்ரீ பெட்டியா: அப்பாவின் தீபாவளித் தட்டு

தீபாவளி வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். அப்பாவுக்கு வயது 76, சர்க்கரை வந்து இருபது வருஷமாகிறது. அவர் தட்டில் என்ன வைப்பது? இனிப்பே கூடாது என்பது அண்ணன் கட்சி. சுகர் ஃப்ரீ பெட்டி வாங்கிவிடலாம் என்பார் அண்ணி. வீட்டில் செய்ததையே துளி கொடுத்தால் என்ன என்பாள் அம்மா. மூன்றையும் ஒவ்வொரு வருஷமாகச் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் தடை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் பீரோவில் வேட்டிக்கு அடியில், பேப்பரில் சுற்றிய நாலு ரவா லட்டு அகப்பட்டது. ஒளித்துச் சாப்பிடுகிறவர் எண்ணிச் சாப்பிடமாட்டார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நேரத்துக்குச் சாப்பாடு இறங்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். தீபாவளியன்றோ விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல், பூஜை, வந்து போகிறவர்கள் என்று டிபன் ஒன்பதரைக்குத் தள்ளிப்போகும். போதாததற்கு, "லட்டு சாப்பிட்டுவிட்டேன், இட்லி வேண்டாம்" என்று பெரியவர்களே கணக்கை நேர்செய்யப் பார்ப்பார்கள். வியர்த்து, கை நடுங்கி, தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வயதில் எழுந்து நடமாடுவது லேசான காரியமா?

அடுத்த வருஷம் சுகர் ஃப்ரீ பெட்டி. மூன்றில் எனக்கு அதிகம் கோபம் வருவது இதன் மேல்தான். சர்க்கரை சேர்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறதே. எங்கள் வீட்டு மைசூர்பாகுக்கு ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய். 40 கிராம் துண்டு ஒன்றில் சர்க்கரை மூன்று நாலு ஸ்பூன் வரும், நெய்யும் கிட்டத்தட்ட அதே எடை. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, நெய் 9. சர்க்கரையை எடுத்துவிட்டாலும் பெரும்பங்கு கலோரி அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். பல பெட்டிகளில் சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்ற இனிப்பூட்டியைப் போடுகிறார்கள். அது சர்க்கரை அளவுக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்றாலும் கொஞ்சம் ஏற்றும், அளவு மீறினால் வயிறு உப்பிப் பேதியாகும். பேரீச்சை பர்ஃபியும் "சர்க்கரை சேர்க்காதது" என்றுதான் வருகிறது. பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதானே! வெல்லம், நாட்டுச் சர்க்கரை கதையும் இதுதான், நிறம் மட்டும் வேறு. இதெல்லாவற்றையும் விட, பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அப்பா காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று என்று சாப்பிட்டார். அசல் இனிப்பு என்றால் ஒன்றோடு எழுந்திருப்பார்.

மூன்றாவது, அம்மாவின் வழி. என் ஓட்டும் இதற்குத்தான், ஆனால் "துளி" என்பதை வரையறுத்த பிறகு. அதிரசமோ மைசூர்பாகோ நாளைக்கு ஒன்றில் பாதி. வெறும் வயிற்றில் கிடையாது. லேகியத்தோடு சேர்த்து விடியற்காலையில் கொடுப்பதும் கிடையாது. லேகியத்திலும் சுக்கு, மிளகு, திப்பிலியோடு வெல்லமும் தேனும் நெய்யும் இருக்கின்றன, மருந்துதானே என்று இரண்டு உருண்டை போட்டுக்கொள்ள முடியாது. டிபனும் மாத்திரையும் வழக்கமான நேரத்தில். இனிப்பு மத்தியானச் சாப்பாட்டின் கடைசியில். காயும் பருப்பும் முதலில் போய்விட்டால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். அந்தப் பாதித் துண்டுக்கு ஈடாக ஒரு கரண்டி சோறு குறைவு. பிறகு தூங்கப் போகாமல் கால்மணி நேரம் மொட்டைமாடியில் நடை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பஞ்சாயத்தில் யாரும் பேசாத ஒன்று காரம். சர்க்கரை இல்லை என்று மிக்சர் டப்பாவைப் பெரியவர் பக்கமே நகர்த்திவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவர்களுக்குச் சொல்லும் உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சாம்பாரிலும் ஊறுகாயிலுமே அதில் பெரும்பாகம் தீர்ந்துவிடும். பல்செட்டுக்கு முறுக்கு ஆகாது என்பது தனி. நாங்கள் சாயங்காலத்துக்கு உப்பைக் குறைத்துக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்துவிடுகிறோம்.

போன தீபாவளிக்கு அப்பாவே கத்தியை வாங்கி மைசூர்பாகைப் பாதியாக வெட்டினார். மீதிப் பாதி எங்கே என்று சாயங்காலம் அண்ணன் பீரோவைத் திறந்து துணிக்கடியில் துழாவினான். அதை அம்மா அப்போதே சாப்பிட்டுவிட்டிருந்தாள். அவளுக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, அவள் தட்டைத்தான் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.