ஆபீஸ் லேப்டாப்பா, சொந்த லேப்டாப்பா?

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆள் எடுக்கும் சிறு நிறுவனங்கள் முதலில் குழம்பும் இடம் இது.

செலவு:
ஆபீஸ் லேப்டாப் – ஆளுக்கு நாற்பது, ஐம்பதாயிரம் ஆகிவிடும்.
சொந்த லேப்டாப் – நமக்குச் செலவே இல்லை.

பாதுகாப்பு (பெரிய வித்தியாசம் இங்கேதான்):
ஆபீஸ் – விண்டோஸ் புரோ போட்டு, பிட்லாக்கரை (டிஸ்க்கில் உள்ளதை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் செய்தே கொடுக்கலாம். ரயிலில் தொலைந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி எளிதில் படிக்க முடியாது. அட்மின் பாஸ்வேர்டும் நம் கையில்.
சொந்தம் – 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை (பாதுகாப்பு அப்டேட்டுகளை) நிறுத்திய விண்டோஸ் 10 இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். சாயங்காலம் பையன் அதில் கிராக் செய்த கேம் இறக்குவான். பக்கத்து பிரவுசர் டேபில் கம்பெனி மெயில் திறந்தே கிடக்கும். எனக்குப் பயமே இதுதான்.

வேலையை விட்டுப் போகும்போது:
ஆபீஸ் – திரும்ப வாங்கி அழித்துவிடலாம்.
சொந்தம் – இறக்கிய கோப்புகள் அங்கேயே தங்கிவிடும்.

வசதி: சொந்தம்தான், சந்தேகமே இல்லை.

சரி, யாருக்கு எது? கணக்கு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் தொடுகிறவருக்கு ஆபீஸ் லேப்டாப்பே கொடுங்கள், செகண்ட் ஹேண்ட் என்றாலும் பரவாயில்லை. டிசைன், எழுத்து வேலைக்குச் சொந்த லேப்டாப் போதும். ஆனால் அதில் வேலைக்கென்று தனி யூசர் கணக்கும், இரண்டடுக்கு லாகினும் (பாஸ்வேர்டோடு, போனில் வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்பது) கட்டாயம்.