கமடோர் 64-இலேயே ஓடும் இதழ்: பல வருட வாசிப்பு அனுபவம்

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-க்கான டிஸ்க் இதழ்களைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். இவற்றை நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, நமக்கு விலையும் கிடையாது. கட்டுரை எழுதுகிறவர், படம் வரைகிறவர், இசையமைக்கிறவர், எல்லாவற்றையும் சேர்த்து ஓட வைக்கும் நிரலை எழுதுகிறவர் என்று எல்லோருமே தங்கள் வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில்தான் இதைச் செய்கிறார்கள். 2001-இல் தொடங்கிய சீன் வேர்ல்ட் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். கமடோர் ஃப்ரீ என்ற இன்னொரு இதழ் இப்போது புதிதாக வருவதில்லை, ஆனால் பழைய இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றன. பழைய கணினி ஒன்றை மறுபடி கையில் எடுக்க நினைப்பவர் முதலில் இவற்றைத்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

டிஸ்க் இதழ் என்பது 1982-இல் வெளிவந்த அந்தக் கணினியிலேயே ஓடும் ஒரு நிரல். ஒரு ஃப்ளாப்பியின் முழு நகலான டி64 என்ற கோப்பாக வரும். அதை எமுலேட்டரில், அதாவது இன்றைய கணினியில் பழைய கணினிபோல நடந்துகொள்ளும் நிரலில், திறக்கலாம், இல்லாவிட்டால் உண்மையான ஃப்ளாப்பியில் எழுதி கமடோரின் 1541 ஃப்ளாப்பி டிரைவில் போடலாம். ஒரு முகத்தில் கிடைப்பது 664 பிளாக், அதாவது ஏறக்குறைய 165 கிலோபைட். முழுத்திரைப் படம் ஒன்றே 10 கிலோபைட் வரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் கட்டுரைகள், எழுத்துரு, பின்னணிக்கு நான்கைந்து பாட்டு, பக்கம் புரட்டும் நிரல் எல்லாம் அடங்க வேண்டும். இடம் போதாவிட்டால் டிஸ்கைத் திருப்பிப் போடச் சொல்லும். எழுத்துகளைச் சுருக்கி வைத்து, தேவையானபோது மட்டும் விரித்துக் காட்டுவதால்தான் இவ்வளவும் சாத்தியமாகிறது.

இதில் என்னை இன்றுவரை வியக்க வைப்பது ஒரே இதழ் ஐரோப்பியக் கணினியிலும் அமெரிக்கக் கணினியிலும் ஓடுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் செய்து முடிப்பது பெரிய வேலை. இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும், தொலைக்காட்சி முறை வேறு என்பதால் உள்ளே கணக்கு மாறிவிடுகிறது. ஐரோப்பாவின் பால் (PAL) முறையில் திரை விநாடிக்கு 50 முறை வரையப்படும், 312 வரிகள், வரிக்கு 63 சைக்கிள், அதாவது செயலியின் துடிப்பு. அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 60 முறை, 263 வரிகள், 65 சைக்கிள். திரை ஒரு முறை வரையப்படும்போது பாட்டையும் ஒரு அடி நகர்த்துவதுதான் வழக்கம். ஆகவே ஐரோப்பாவில் எழுதிய பாட்டு அமெரிக்கக் கணினியில் 20 சதவீதம் வேகமாக ஓடும். இதைச் சரி செய்ய, ஒவ்வொரு ஆறாவது அடியையும் தவிர்த்துவிடுவார்கள்.

பாட்டையாவது இப்படிச் சமாளிக்கலாம். டிஸ்கிலிருந்து படிப்பதுதான் உண்மையான தலைவலி. 1541 அதன் இயல்பான வேகத்தில் விநாடிக்குச் சுமார் 400 பைட்தான் தரும். ஒரு முகம் முழுவதையும் படிக்க ஏழு நிமிடம் ஆகும். இதற்கு முந்தைய கமடோர் கணினியான விக்-20 காலத்திலேயே, தரவை அனுப்பி வாங்கும் 6522 சிப்பில் இருந்த ஒரு கோளாறால், தரவை அனுப்பும் வேலையை வன்பொருளிடமிருந்து எடுத்து மென்பொருளிடம் கொடுத்தார்கள். கமடோர் 64-இல் திரையை வரையும் சிப் இடையிடையே செயலியை நிறுத்தி வைப்பதால் அது இன்னும் மெதுவானது. நல்ல வேளையாக 1541-க்குள்ளேயே தனியாக ஒரு 6502 செயலி இருக்கிறது. இதழ் நிரல் தன் சொந்தக் குறிமுறையை அந்தச் செயலிக்கு அனுப்பி, டிரைவைக் கணினியோடு இணைக்கும் தரவுக் கம்பி, கடிகாரக் கம்பி இரண்டிலும் ஒரே நேரத்தில் பிட்களை வாங்கிக்கொள்ளும். இங்கேதான் சைக்கிள் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். கணினிக்கும் டிரைவுக்கும் நடக்கும் பேச்சு மைக்ரோவிநாடி சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். பால் வேகத்துக்கு மட்டும் எண்ணி எழுதிய லோடர், அதாவது டிஸ்கிலிருந்து படிக்கும் நிரல், என்டிஎஸ்சி கணினியில் பாதியில் நின்றுவிடும். சீன் வேர்ல்ட் தொடக்கத்திலிருந்தே இரு முறைகளுக்கும் சேர்த்தே வருகிறது. ஒரு கண்டத்து வாசகர்களை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாததற்காகவே எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 25 வரி. ஒரு பக்கத்துக்கு ஆயிரம் எழுத்துக்கு மேல் போகாது, அதிலும் தலைப்புக்கும் ஓரத்துக்கும் கொஞ்சம் போய்விடும். இந்த அளவு எழுதுகிறவர்களின் நடையையே மாற்றியிருக்கிறது. பத்திகள் சின்னச் சின்னதாக இருக்கும். நல்ல கட்டுரையாளர் ஒரு விஷயத்தை அந்தப் பக்கத்துக்குள்ளேயே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். எனக்கு இந்த வாசிப்பு மிகவும் பிடித்துப்போனது. குறுக்கே வேறு எதுவும் வராது. ஜாய்ஸ்டிக்கைத் தட்டினால் அடுத்த பக்கம், அவ்வளவுதான். பின்னால் கமடோர் 64-இன் ஒலிச் சிப்பான சிட்டில் மூன்று குரல்களில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சிப்பை வடிவமைத்த பாப் யானஸ் பின்னாளில் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணினிக்குள் ஒரு சின்தசைசரை வைத்தவர் அந்தத் துறைக்கே போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, உள்ளடக்கம் எப்படி? பழுது பார்ப்பது பற்றி வரும் கட்டுரைகள்தான் எனக்கு அதிகம் பயன்பட்டவை. உதாரணத்துக்கு, பழைய மின் அடாப்டர் பற்றி இந்த வட்டாரத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை. பல அடாப்டர்களின் உள்ளே எபாக்ஸி என்ற கெட்டிப்படும் பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். வெப்பம் வெளியேற வழியில்லை, திறந்து பார்க்கவும் முடியாது. உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டுப்போனால், மின்சாரம் நின்றுபோவதற்குப் பதிலாக அளவுக்கு மீறி ஏறும். முதலில் பலியாவது நினைவகச் சிப்கள். திரை கறுப்பாகவே நிற்கும். மல்டிமீட்டரில் 5.25 வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் அந்த அடாப்டரை ஓரம் கட்டிவிட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, சூடேறிய பிறகு ஏறுவதும் உண்டு. அதனால் ஒருமுறை அளந்து நிம்மதியாகிவிடக் கூடாது, புது அடாப்டர் வாங்குவதே மேல். பழைய பயனர் கையேட்டில் இதெல்லாம் இருக்காது. இத்தனை வருடம் இந்தக் கணினிகளைத் திறந்து மூடியவர்கள் சொன்னால்தான் உண்டு.

அடுத்தது நேர்காணல்கள். அந்தக் காலத்தில் விளையாட்டு எழுதியவர்கள், சிப் வடிவமைத்தவர்கள், இசையமைத்தவர்கள் என்று தேடிப் பிடித்துப் பேசுகிறார்கள். பெரிய பத்திரிகைகள் கேட்காத கேள்விகளைக் கேட்கிறார்கள், ஏனென்றால் கேட்பவரும் அதே சிப்புக்கு நிரல் எழுதுகிறவர். கமடோரை நிறுவிய ஜாக் டிராமியல் 2012-இல் மறைந்தார், 6502 செயலிக்குத் தலைமை தாங்கிய சக் பெடில் 2019-இல் மறைந்தார். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுப் பதிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

குறைகளும் இருக்கின்றன, எல்லா டிஸ்க் இதழ்களுக்கும் பொதுவாகவே சொல்கிறேன். எப்போது வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆளுக்கொரு வேலை, குடும்பம் என்று இருப்பதால் இடைவெளி நீண்டுவிடும், அதற்குள் செய்திப் பகுதி பழசாகியிருக்கும். டெமோ, அதாவது கணினியின் திறனைப் படத்தாலும் இசையாலும் காட்டும் நிரல், எழுதும் குழுக்களின் தரவரிசை, சந்திப்புகளின் முடிவுகள் போன்றவை உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே புரியும்படி வருகின்றன. புதியவருக்கு ஒரு பத்தி விளக்கம் சேர்த்தால் என்ன? எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை, சில வாக்கியங்களை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் உண்மையிலேயே வருத்தப்படுவது தேட முடியாததற்குத்தான். கட்டுரைகள் சுருக்கப்பட்டு, அந்தந்த நிரலுக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் உள்ளே கிடக்கின்றன. ஒரு சிப்பைப் பற்றி எப்போதோ படித்த குறிப்பு வேண்டுமென்றால் இதழ் இதழாகத் திறந்து பார்க்க வேண்டும். கமடோர் ஃப்ரீ இதை அழகாகத் தீர்த்திருந்தது. டி64 கோப்போடு பிடிஎஃப்பும் வெறும் உரைக்கோப்பும் சேர்ந்தே வெளிவந்தன. டிஸ்கில் படித்து ரசிக்கலாம், உரைக்கோப்பில் தேடலாம். மற்ற இதழ்களும் பழைய இதழ்களிலிருந்து தொடங்கி இதைச் செய்ய வேண்டும். நிரல் எழுதியவர் இருக்கும்போதே உரையைப் பிரித்தெடுப்பது சுலபம்.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: வைஸ் எமுலேட்டர் போதும், ஆனால் டிரைவை முழுமையாக எமுலேட் செய்யும் அமைப்பை இயக்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் வேக லோடர் நின்றுவிடும், இதழில்தான் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். உண்மையான கணினியில், டிரைவுக்குப் பதிலாக எஸ்டி அட்டையைப் படிக்கும் எஸ்டி2ஐஇசி கருவியைப் பயன்படுத்தினாலும் இதே சிக்கல் வரலாம், காரணம் அதற்குள் 1541-இன் செயலி கிடையாது. 1541-ஐ முழுமையாக எமுலேட் செய்யும் 1541 அல்டிமேட் அல்லது பை1541 கருவி இருந்தால் கவலையில்லை. படித்த பிறகு ஆசிரியர் குழுவுக்கு நாலு வரி எழுதுங்கள். எந்தக் கட்டுரை பயன்பட்டது என்று குறிப்பிட்டுச் சொன்னால், அடுத்த இதழில் அதன் தொடர்ச்சி வர வாய்ப்பு அதிகம்.