ஏற்காடு ஏற: வேறு என்ஜினின் பிஸ்டனா, ஹெட் ஃபேசிங்கா?

சேலத்திலும் ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கருவி) மாருதி ஜிப்ஸி கிங், மலை ஏறும்போது திணறினால் உடனே கிடைக்கும் யோசனை, “கம்ப்ரஷனைக் கூட்டிவிடு” என்பதுதான். கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் வரும் கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவு. அதைக் கூட்டுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வேறு என்ஜினின் பிஸ்டனைப் போடுவது ஒன்று, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை ஃபேசிங் பிடிப்பது, அதாவது அதன் அடிப்பரப்பைச் சீவுவது, இன்னொன்று. என் வோட்டு பிஸ்டனுக்குத்தான். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலில் கணக்கு. 8 வால்வு ஜிப்ஸி கிங் என்ஜின் 1298 சிசி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு சுமார் 324.7 சிசி வருகிறது. கம்ப்ரஷன் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி. அதையே 10 ஆக்க 36.1 சிசி போதும். வித்தியாசம் வெறும் 4.5 சிசி, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பின்னின் நடுவிலிருந்து தலை வரை உள்ள உயரம் 1 மி.மீ அதிகமான பிஸ்டன் கிடைத்தால், 74 மி.மீ போரில் அதுவே 4.3 சிசியை அடைத்துவிடும். தலை குழிவான பிஸ்டனுக்குப் பதில் தட்டையானதைப் போட்டாலும் இதே பலன்தான். ஹெட்டில் இது இவ்வளவு சுலபமில்லை. எரியறையின் வாய் போரைவிடச் சிறியது என்பதால், அதே 4.5 சிசிக்கு 1 மி.மீக்கும் மேலே எடுக்க வேண்டியிருக்கும். அலுமினிய ஹெட்டில் பொதுவாக அனுமதிப்பது மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குதான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஹெட்டிலேயே இருப்பதால், ஹெட் இறங்கும்போது கேமும் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் கீழ்த் தண்டை) நோக்கி இறங்கும். டைமிங் பெல்ட்டின் தளர்வை டென்ஷனர் இழுத்துக்கொள்ளும், வால்வு டைமிங் கொஞ்சம் பின்தங்கும். எல்லாவற்றுக்கும் மேல், சீவிய உலோகம் திரும்பி வராது. பிஸ்டன் சரிப்படவில்லை என்றால், போரிங் போடாத (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்காத) வரை, பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். ஹெட்டுக்கு அடியில் மெல்லிய கேஸ்கட் போடலாம் என்பார்கள். அதில் கிடைப்பது மிகக் குறைவு, கசியும் ஆபத்துதான் கூடும்.

சரி, எந்த பிஸ்டன்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஜிப்ஸியில் பின்னால் வந்த 16 வால்வு என்ஜினுக்கும் போர் அதே 74 மி.மீ. உள்ளே நுழைகிறதே என்று அதை வாங்கிவிடக் கூடாது. 16 வால்வு பிஸ்டனின் தலையில் இருக்கும் வால்வுக் குழிகள் நான்கு வால்வுகளுக்கு வெட்டியவை. 8 வால்வு ஹெட்டில் வால்வு இறங்கும் இடமே வேறு. போர் பொருந்துவது ஒரு அளவு மட்டும்தான். பின்னின் விட்டம், கனெக்டிங் ராடின் சிறிய முனை அகலம், பின்னுக்கு மேலே உள்ள உயரம், கீழே வரும்போது பாவாடைப் பகுதி கிராங்கின் எதிர் எடையில் தட்டாமல் இருப்பது, எல்லாமே வெர்னியர் வைத்துப் பார்க்க வேண்டியவை. நான்கு பிஸ்டன்களின் எடையும் இரண்டு மூன்று கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தராசு இருக்கும் ஊரில் அதற்குக் குறைச்சலில்லை.

அப்புறம் களிமண் சோதனை. பிள்ளைகள் விளையாடும் கிளேயை பிஸ்டன் தலையில் ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். வால்வு அழுத்திய இடத்தில் இன்டேக் பக்கம் 2 மி.மீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீயாவது கனம் மிஞ்சியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஹெட்டை முறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? கோட்பாட்டின்படி 9லிருந்து 10க்குப் போனால் திறன் சுமார் 3 சதவீதம் கூடும். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தைவிட அங்கே காற்றழுத்தம் 13 சதவீதம் போலக் குறைவு. மலை எடுத்துக்கொள்வதை பிஸ்டன் திருப்பிக் கொடுக்காது. கார்புரேட்டர் வண்டிக்கு மேலே போகப் போகக் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகும். ஏற்காட்டிலேயே கிடக்கும் எஸ்டேட் வண்டிக்கு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்குவது, பிஸ்டனைவிட மலிவான, பலனுள்ள வேலை. தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு அதைச் செய்யக் கூடாது. சேலம் வெயிலில் கலவை வறண்டு என்ஜின் சூடாகும்.

கம்ப்ரஷனையும் அடிவாரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உச்சியை வைத்து அல்ல. மேலே காற்று மெலிவதால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பதால் எழும் தட்டல்) தானாகக் குறையும். ஏப்ரல் மே வெயிலில், கீழ் வளைவுகளில், இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும் நேரம்தான் மோசமானது.

ஆகவே முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்ற சோதனை) எடுத்துப் பாருங்கள். நான்கு சிலிண்டரும் நன்றாக இருந்தால் என்ஜினைத் திறக்கவே வேண்டாம். டைமிங், பிளக், கிளட்ச் பார்த்தால் போதும். தேய்ந்து போரிங் போட வேண்டிய நிலை என்றால் எப்படியும் புது பிஸ்டன் வாங்கத்தான் வேண்டும். அப்போது உயரமான பிஸ்டனைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. அது 0.25, 0.50 மி.மீ ஓவர்சைஸில் கிடைக்கிறதா என்பதைப் போரிங்குக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட் வளைந்திருந்தால் மட்டும், சமதளம் வரும் அளவுக்கு ஃபேசிங் பிடிக்கலாம்.

மாட்டி, ரன்னிங்-இன் முடிந்ததும் மதிய வெயிலில் அடிவாரத்திலிருந்து ஏற்றிப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சிலவற்றிலேயே கலகலவென்று நாக்கிங் கேட்டால் இக்னிஷன் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சாதாரண பெட்ரோலை விட்டு, நாக்கிங்கை இன்னும் தாங்கும் அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள்.