நவம்பர் யுத்தப் படங்கள்: கொழும்பில் டிஷ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

யுத்தத்தில் மாண்ட படையினரை நினைவுகூரும் நவம்பர் 11 நினைவு தினத்தை ஒட்டி, டிஷ்ஷில் வரும் ஆங்கிலப் பட சனல்களில் பழைய யுத்தப் படங்கள் போடுவதுண்டு. நல்ல படங்கள்தான். கோளாறெல்லாம் காட்டும் விதத்தில்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ (1957) 161 நிமிடம். செக்கனுக்கு 24 பிரேமில் (தனிப் படத்தில்) எடுத்ததை ரிவிக்காக 25 ஆக ஓட்டினால் 155 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கைதிகள் சீழ்க்கை அடித்தபடி அணிவகுத்து வரும் இசைகூடச் சற்றுச் சுதி ஏறிக் கேட்கும். விளம்பரத்தோடு மூன்று மணித்தியாலம் ஒதுக்கியிருந்தால் நம்பி உட்காரலாம். இரண்டரை என்றால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள். ‘த லோங்கஸ்ட் டே’ 178 நிமிடம், அதற்கு மூன்று மணித்தியாலமே காணாது.

அதைவிட மோசம் ஓரங்களை வெட்டுவது. க்வாய் படம் உயரத்தைப் போல 2.55 மடங்கு அகலம். ரிவித் திரையை நிரப்ப ‘ஸூம்’ போட்டால் ஏறக்குறைய 30 வீதம் போய்விடும். கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: இரவோடிரவாக ஆறு வற்றி வெடிக் கம்பி வெளியே தெரிகிறது. இந்தக் கரையில் விசையோடு ஒருவன், அந்தக் கரையில் அவன் கூட்டாளி, நடுவே பாலம். ஓரம் போனால் யார் எங்கே என்றே பிடிபடாது. அந்த ஆறு நம்முடைய களனி கங்கை! கித்துல்கலவில் மரப்பாலம் கட்டி, ரயிலோடு தகர்த்து எடுத்தார்கள். மட்டக்குளியில் கடலோடு கலப்பதும் அதே தண்ணீர்தான்.

மேலும் கீழும் மட்டும் கறுப்புப் பட்டை இருந்தால் ரிமோட்டைத் தொடாதீர்கள். நாலு பக்கமும் கறுப்பு என்றால் மட்டும் ஸூம் போடலாம், ஒன்றும் குறையாது. 1930இன் ‘ஓல் குவயட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ போன்ற பழைய சதுரப் படங்களில் ஆட்கள் குட்டையாய், தடிப்பாய்த் தெரிந்தால் பெட்டியின் அமைப்பை 4:3க்கு மாற்றுங்கள்.

நவம்பர் என்றால் பின்னேர இடிமழை. மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது இயல்பு. மழை விட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் உடைந்தால், டிஷ் தலையில் கேபிள் பூட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். பழைய முனையை வெட்டிப் புதிது போட்டு, ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றுங்கள்.

க்வாய் படத்தில் ஜப்பானியருக்காகப் பாலம் கட்டுவது வெள்ளைக்காரக் கைதிகள். ஆனால் அந்தப் பாலத்துக்குரிய பாதையான, ஜப்பானியர் யுத்தகாலத்தில் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் (தாய்லாந்து) – பர்மா மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களைப் பற்றிப் படத்தில் பேச்சே இல்லை. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

‘டோரா! டோரா! டோரா!’வை (1970) ஏப்ரல் 5இல் போட வேண்டும். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படைதான் 1942இல் அந்த ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு போட்டது. ஜப்பானியர் ஜப்பானிய மொழியிலேயே பேசும் படம்; ஸூம் போட்டால் கீழே வரும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பதிவு செய்பவர்கள் முடிவு நேரத்தோடு 30 நிமிடம் கூட்டி வையுங்கள்.